ஒரு பேட்டரி போதும். சார்ஜரில் சிக்கனம் வேண்டாம்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். பழைய வேன் ஒன்றில் கட்டில், மின்விசிறி, 12 வோல்ட் குளிர்ப்பெட்டி எல்லாம் பொருத்தி, நானும் என் மனைவியும் கேமரன் மலைக்கும், தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் சென்று தங்கி வருகிறோம். பின்னால் வைத்துள்ள 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் இரண்டும் இப்போது விடியும்வரை தாங்குவதில்லை. 2,000 ரிங்கிட்டுக்குள் லித்தியத்துக்கு மாற முடியுமா? அதே வயரில் புதியதை மாட்டிவிட்டால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். லித்தியம் தீப்பிடிக்குமே என்று மனைவி பயப்படுகிறார்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, திட்டமிட்டுச் செலவு செய்தால் முடியும். ஆனால் பட்டறையில் சொன்ன யோசனையைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம்.

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுவோம். 45 வாட் குளிர்ப்பெட்டி நம் வெயிலுக்கு நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி ஆகும். 20 வாட் மின்விசிறி இரவில் பத்து மணி நேரம் சுழன்றால் 200. எல்இடி விளக்குக்கும் கைப்பேசிக்கும் 60 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 800 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், உங்கள் இரண்டு பேட்டரிகளும் புதிதாக இருந்தபோதே சுமார் 1,200 வாட்-மணிதான் தந்திருக்கும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதில் எண்பது சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். ஆகவே இரண்டு வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒன்றே போதும், மிஞ்சும் பணம் அதைவிட முக்கியமான இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம், எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கும் புதிய பேட்டரிக்கும் இடைப்பட்ட வழி. ஈய பேட்டரி நிறைய நிறையத் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் அளவையெல்லாம் ஏறக்குறைய நிறையும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். தாப்பாவிலிருந்து கேமரனுக்கு ஏறும் பாதையில் வாகன நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் ஆல்டர்னேட்டருக்குப் போதிய காற்றும் கிடைக்காது. சுமையோ முழுச் சுமை. அது கருகுவது இப்படித்தான். எஞ்சின் பேட்டரியைப் பின் பேட்டரியோடு நேரடியாக இணைக்கும் பழைய ரிலேயைக் கழற்றிவிட்டு, மின்னோட்டத்தை ஓர் அளவுக்குமேல் போகவிடாத 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்துங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்தில் சுமார் 40 ஆம்பியர்-மணி ஏறிவிடும், ஆல்டர்னேட்டரும் பிழைக்கும்.

சார்ஜரைப் பின்னால், லித்தியத்துக்கு அருகிலேயே வையுங்கள். முன்னாலிருந்து வரும் வயர் ஐந்து மீட்டர் நீளம் என்றால் அது 10 சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில், போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வெப்பமாக வீணாகிவிடும். அந்த வயரின் இரு முனைகளிலும், எஞ்சின் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் பக்கத்தில், 40 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் மதிக்கிறேன். வேனுக்கென்று விற்கும் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 2019-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப்பின் டெக்சஸ் ஆய்வுக்குழு 1997-ல் உலகுக்கு அறிவித்த பொருள் அது. அதில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால், கைப்பேசி பேட்டரி போல எளிதில் எரிந்துவிடாது. வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வேனில் தீ மூளும் வாய்ப்பு, ஃபியூஸ் இல்லாத வயரின் உறை உரசித் தேயும் இடத்தில்தான் அதிகம். ஆகவேதான் ஃபியூஸை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மலிவான பேட்டரிகளில் அட்டையில் எழுதிய அளவு உள்ளே இல்லாமல் போவது உண்டு. இதை நீங்களே சோதிக்கலாம். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியில் 55 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை, ஃபியூஸ் வைத்து, எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் இணைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான 100 ஆம்பியர்-மணி என்றால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். காவல் பலகை துண்டிக்கும்வரை சுமார் இருபது மணி நேரம் எரியும். பன்னிரண்டு மணி நேரத்திலேயே அணைந்தால் உத்தரவாத அட்டையோடு கடைக்குச் செல்லுங்கள். வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

கூரையில் சூரியத் தகடு இருந்தால் அதன் கட்டுப்பாட்டுக் கருவியில் லித்தியத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், ஈய பேட்டரிக்கென்று 14.6 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும் ‘ஈக்குவலைஸ்’ முறையை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கருவியை மாற்றியாக வேண்டும். கேமரன் குளிர் பேட்டரியை ஒன்றும் செய்யாது. உறைநிலைக்குக் கீழேதான் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிறுத்திய வேனின் வெப்பம்தான் அதன் ஆயுளைக் குறைக்கும். எஞ்சினுக்குப் பக்கத்திலோ முன் இருக்கைக்கு அடியிலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள பின்பகுதியில் வையுங்கள்.

கேள்வி: பழைய ஈய பேட்டரி ஒன்று இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதைப் புதிய லித்தியத்தோடு இணையாகச் சேர்க்கலாமா?
– வாசகர், சிலிம் ரிவர்

பதில்: வேண்டாம். நிறைந்த ஈய பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும்; லித்தியம் 13.3 காட்டும். லித்தியம் அதற்கு ஓயாமல் மின்னோட்டத்தை ஊட்டிக்கொண்டிருக்க, ஈய பேட்டரியோ லித்தியம் ஏறக்குறையக் காலியாகும்வரை வேலையே செய்யாது. தனி வயரில், தனி ஃபியூஸோடு, விளக்குகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, வீட்டில் நிற்கும்போது பழைய சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.