கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒரு வாரச் சமையலுக்கு முன்கூட்டியே எப்படித் தயாராவது?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: இரண்டு பேருக்கும் வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வீட்டில் வயதானவர் ஒருவர், காலையில் வரிசையாக டிபன் பாக்ஸ்கள். வெளிச்சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்படியிலேயே கழியவும் கூடாது.

எங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான். வேலூர், சத்துவாச்சாரி. மனைவி செவிலியர், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் வேலை. பிள்ளைகள் இருவர், சர்க்கரை உள்ள அம்மா. வாரத்தில் பாதி நாள் காலைச் சமையல் என் கையில்தான். அதனால் அடுப்பு பக்கம் நின்றே பதில் சொல்கிறேன்.

ஐந்து நாள் சாப்பாட்டை ஞாயிறன்றே சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கும் முறை நம் சாப்பாட்டுக்குச் சரிப்படாது. சோறு, ரசம், பொரியல் இந்த மூன்றும் ஃபிரிட்ஜில் இருந்து வந்தால் யாருக்கும் இறங்காது. நம் சமையலில் அடுப்பின் மேல் போகும் நேரம் குறைவு. உரிப்பது, நறுக்குவது, ஊறவைப்பது, அரைப்பது, புளி கரைப்பது, இதெல்லாம் போதாது என்று "இன்னிக்கு என்ன செய்யறது" என்று யோசிப்பது, இவைதான் காலை நேரத்தைத் தின்கின்றன. ஞாயிறன்று இவற்றை முடித்துவிடுங்கள். கொதிக்க வைப்பதும் தாளிப்பதும் அன்றன்று காலை அரை மணி நேரத்தில் முடியும்.

முதலில் ஒரு தாள். அதில் உணவின் பெயரை எழுதுவதற்கு முன்னால், எந்தக் காலையில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் மனைவிக்குக் காலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் ஆறரைக்கே டிபன் பாக்ஸ் மூடியாக வேண்டும். அந்த நாளுக்குத் தக்காளி சாதமோ புளி சாதமோ தயிர் சாதமோதான் எழுதுவோம். அவருக்கு மதிய ஷிப்ட் என்றால் காலையில் இரண்டு பேர் கை இருக்கும், அன்றைக்கு சாம்பார், கூட்டு என்று போகலாம். பிறகு வீட்டு வழக்கம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது, புரட்டாசி சனிக்கிழமையும் கிடையாது. இதையெல்லாம் குறித்த பிறகு மிச்சமிருக்கும் கட்டங்கள் கொஞ்சம்தான், அவை தானாக நிரம்பிவிடும். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் படிப்பார்கள், முணுமுணுப்பும் முன்னாடியே முடிந்துவிடும்.

காய் வாங்குவதில் ஒரு கணக்கு உண்டு. ஞாயிறு காலையில் டோல்கேட் உழவர் சந்தைக்கோ காட்பாடி உழவர் சந்தைக்கோ சீக்கிரம் போய்விட்டால் வாரத்துக்கே வாங்கிவிடலாம். விலைப் பலகை இருக்கிறது, பேரம் பேசி நேரம் போகாது. வாங்கும்போதே எது எந்த நாளுக்கு என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். கீரை, வெண்டைக்காய், அவரை இவை திங்கள், செவ்வாய்க்குள் தீர வேண்டும். கத்திரிக்காய், பீன்ஸ், புடலை புதன் வரை தாங்கும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூசணி, உருளை, கருணைக்கிழங்கு வாரக் கடைசிக்கு. இந்த வரிசையை மாற்றினால் வியாழக்கிழமை வாடிய கீரையைத் தூக்கிப் போட வேண்டி வரும். கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் கழுவாமல், ஈரம் இல்லாமல், துணியிலோ காகிதத்திலோ சுற்றி டப்பாவில் வையுங்கள். முருங்கைக்கீரை வாங்கினால் கொத்தாகவே ஒரு துணியில் இறுகச் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும்.

சனிக்கிழமை இரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஊறவைப்பது. கொண்டைக்கடலை, காராமணி, காய்ந்த மொச்சை, இதில் இரண்டு வகை போதும். ஞாயிறு காலை தனித்தனியாகக் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஆகும் அளவில் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஒரு டப்பா காராமணி கையில் இருந்தால் கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு கொதித்து இறங்கும் நேரம்தான். மாலையில் பிள்ளைகள் பசியோடு வந்தால் அதுவே சுண்டல். துவரம்பருப்பை மட்டும் முன்கூட்டி வேகவைக்க வேண்டாம். அரிசி களையும்போதே பருப்பைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, சோறு வைக்கும் அதே குக்கரில் மேல்தட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்து வெந்துவிடும்.

மாவு எல்லார் வீட்டிலும் அரைப்பதுதான். எங்கள் அளவு நாலுக்கு ஒன்று: நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். வேலூர் வெயிலில்தான் கவனம் வேண்டும். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் தயங்கித் தயங்கிப் பொங்கும் மாவு, சித்திரை வைகாசியில் ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். அதனால் அரைத்ததும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாத்திரம் வெளியே புளிக்கட்டும், அது திங்கள் இட்லிக்கும் செவ்வாய் தோசைக்கும். இன்னொன்றைப் புளிக்க விடாமல் அப்போதே ஃபிரிட்ஜில் வையுங்கள். செவ்வாய் இரவு வெளியே எடுத்து வைத்தால் புதன் காலை புது மாவு. வாரக் கடைசியில் புளித்த தோசை சாப்பிடும் வேலை இல்லை.

அடுத்தது தொக்கு. அரைக் கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி. நல்லெண்ணெயில் கடுகு பொரிந்ததும் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சிப்பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விடாமல் எண்ணெய் பிரியும் வரை சுருளவிட வேண்டும். நேரம் எடுக்கும், பரவாயில்லை, பக்கத்து அடுப்பில் வேறு வேலை நடக்கட்டும். இந்த ஒரு தொக்கு வியாழன் வரை உழைக்கும். சூடான சோற்றில் கிளறினால் தக்காளி சாதம். தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டைக் குழம்பு. வெந்த கொண்டைக்கடலையைச் சேர்த்தால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. எடுக்கும் கரண்டி மட்டும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

புளியையும் ஒரே தடவையில் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிடலாம். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைக்கலாம். ஆனால் தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு, தேங்காய்ச் சட்னி இவற்றை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள், சீக்கிரம் ஊசிவிடும்.

இனி நான் மனதாரச் சொல்ல விரும்பும் பொருள், வடகம். வடாற்காட்டு வீடுகளில் குழம்பு வடகம் இல்லாத அஞ்சறைப் பெட்டியைப் பார்ப்பது கஷ்டம். கத்திரி வெயில் காலத்தில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைப்பார்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி பிசைந்து உருட்டுவது, இப்படிப் பல நாள். நன்றாகக் காய்ந்தால் வருஷம் முழுக்க வரும். காலையில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போட்டால் வெங்காயம் உரிக்கும் வேலை, கடுகு தேடும் வேலை எல்லாம் அதிலேயே அடக்கம். காரக்குழம்பு, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு எதற்கும் அந்த வாசனை வந்துவிடும். வாரத்துக்கு முன்கூட்டித் தயாராவதைப் பற்றி நாம் இன்று பேசுகிறோம், வருஷத்துக்கே தயாரானவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். உங்கள் மாமியாரோ அம்மாவோ வடகம் போடத் தெரிந்தவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதேபோலக் குழம்பு மிளகாய்த்தூளை மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாய் கால் கிலோ என்றால் தனியா அரைக் கிலோ, கூடவே துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள். ஒரே தூளில் குழம்பு முடியும், நாலு டப்பா திறக்க வேண்டாம்.

பொடி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பக்கம் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. வறுத்துத் தோல் நீக்கிய கடலை, வறுத்த மிளகாய், நாலு பல் பூண்டு, உப்பு, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் போதும். இட்லிக்கும் ஆகும், சோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசையவும் ஆகும்.

ஞாயிறு என்றால் வேலூரில் பாதி வீடுகளில் பிரியாணி. அதை விட்டுவிட்டு வாரத் தயாரிப்பு என்று யாரையும் பட்டினி போட வேண்டாம். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் புளிப்புக் கத்திரிக்காயை இரண்டு மடங்காகச் செய்துவிடுங்கள். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, கிடைத்தால் விடாதீர்கள். சதைப்பற்று அதிகம், எண்ணெயும் புளியும் ஏறி மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். திங்கள் காலை இட்லிக்கு வேறு எதுவும் வேண்டாம். கறிக்கடையில் அரைக் கிலோ கோழி கூடுதலாக வாங்கி, மஞ்சள், உப்பு, இஞ்சிப்பூண்டு, தயிர் பிசறி ஃப்ரீசரில் வைத்தால் புதன் இரவுக்கு ஆகும். செவ்வாய் இரவே அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மேடையில் வைத்து உருகவிடுவது இந்த வெயிலில் ஆபத்து.

சோறு பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வடித்த சோற்றை அப்படியே வெளியே வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அரிசியில் இருக்கும் அதன் வித்துகள் வேகவைப்பதால் சாவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் சோறு அன்றன்று. மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், மறுநாள் தீர்ந்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். தேங்காய் அரைத்து ஊற்றாத குழம்பானாலும் மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். எடுத்த அளவை மட்டும் கொதிவரும் வரை சூடாக்குங்கள். மொத்தப் பாத்திரத்தையும் தினமும் சுடவைத்துச் சுடவைத்து உள்ளே வைப்பதுதான் கெடுதல். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஏம்பா, பெட்டியில வெச்சத எனக்குப் போடாத." அவருக்காகத்தான் இரவில் கேழ்வரகு. மாவு மில்லில் அரைத்து வைத்தது, முருங்கைக்கீரை உதிர்த்து வைத்தது, வெங்காயம் மட்டும் நறுக்கினால் அடை தயார். சில நாள் களியும் கீரைக் கடைசலும். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு முக்கியம். அம்மாவுக்கு ஒரு அடைதான், கூடக் கேட்டால் சுண்டல் கொடுப்போம். அவர் உட்கார்ந்த இடத்தில் பூண்டு உரித்துத் தருவார், அதுவே பெரிய உதவி.

வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் இது நடக்காது. எங்கள் வீட்டில் சந்தையும் தொக்கும் என்னுடையவை, மாவும் பயறும் மனைவியுடையவை. டப்பாக்களில் கிழமை எழுதி ஒட்டுவது பெரியவன், வேர்க்கடலைத் தோல் ஊதுவது சின்னவள். காலை சந்தைக்குப் போய் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, மாலை கோட்டைப் பக்கம் போய் வர நேரம் இருக்கிறது.

ஆரம்பிக்கும்போது இவ்வளவையும் ஒரே ஞாயிற்றில் செய்யப் போகாதீர்கள். முதல் வாரம் மாவு, தொக்கு, ஒரு பயறு, இவை மட்டும். அடுத்த வாரம் புளியும் பொடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளை மாதச் சாமான் வாங்கும்போது அரைத்துக்கொள்ளலாம். வடகம் போடச் சித்திரை வரவேண்டும், அதுவரை மளிகைக் கடையில் கிடைக்கும் உருண்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.