எரியும் விமானத்துக்குள் திரும்பிப் போனவர்கள்: வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில், விழுந்து நொறுங்கிய விமானங்களிலிருந்து சகாக்களை மீட்டவர்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கல்லடிக் கடலுக்கு அடியில் கிடக்கும் ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பல்தானே? அதிலிருந்த விமானிகள் ஒருவரையொருவர் காப்பாற்றிய சம்பவம் ஏதும் உண்டா?
– மாணவர், கல்லடி

தம்பி, அன்றைக்கு அது பெயரளவில்தான் விமானந்தாங்கி. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் திருகோணமலையில் கரையிறக்கப்பட்டிருந்தன. 307 பேர் மாண்டார்கள். தப்பி நீந்தியவர்களில் சுமார் 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

நீங்கள் தேடும் சம்பவம் அதற்கு ஐந்து நாள் முந்தியது. ஏப்ரல் 4இல் கொக்கலவிலிருந்து கிளம்பிய கனடிய கற்றலீனா கடல்விமானம் ஒன்று, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. சிறிது நேரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி லெனார்ட் பர்ச்சலோடு சேர்த்து ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். கால் துண்டான ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்றவர்கள் கடலில் இறங்கிய பிறகும் ஜப்பானிய விமானங்கள் சுட்டுக்கொண்டே இருந்தன. குனிந்து முக்குளித்தவர்கள் தப்பினார்கள். படுகாயப்பட்ட இருவருக்கு உயிர்காப்பு அங்கி மாட்டியிருந்தது. மிதக்க வைக்கும் அங்கி முக்குளிக்க விடாது. அவர்கள் இருவரும் அப்படியே சுடப்பட்டு இறந்தார்கள். எஞ்சிய ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டு போனது.

படங்களில் காட்டுவதுபோல காயப்பட்ட விமானியை ஒரே இழுவையில் வெளியே எடுக்க முடியுமா?
– வாசகி, ஆரையம்பதி

முடியாது. விமானி இரண்டு வார்களுக்குள் இருப்பார். ஒன்று அவரை ஆசனத்தோடு கட்டும் வார். நான்கு பட்டிகள் நெஞ்சுக்கு முன்னே சேரும், அவற்றை ஓர் ஊசி பிடித்திருக்கும். மற்றது பரசூட் வார். அதன் வட்டப்பூட்டைத் திருப்பி, பிறகு உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் பட்டிகள் விடுபடும். ஆசனப்பட்டியை மட்டும் கழற்றி இழுத்தால், அவர் மெத்தைபோல உட்கார்ந்திருக்கும் பரசூட் பொதியும் கூடவே வந்து விளிம்பில் கொழுவிக்கொள்ளும். இதற்கு மேல் ஒட்சிசன் குழாய் ஒன்று, தலைக்கவசத்திலிருந்து போகும் பேச்சுக்கம்பி ஒன்று. எதை மறந்தாலும் கழுத்து பின்னால் இழுபடும்.

விமானம் தலைகீழாகக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். அவசரத்தில் பூட்டைத் தட்டிவிட்டால் மனிதன் தலையடித்து விழுவார். மோதலில் பிழைத்த கழுத்து அங்கே முறியும். முதலில் ஒருவர் தோளால் அவருடைய பாரத்தைத் தாங்க வேண்டும், பிறகுதான் பூட்டில் கைவைக்க வேண்டும்.

இதைக் கச்சிதமாகச் செய்தவர் ஒரு பெண், டாஃப்னி பியர்சன். பெண்கள் துணை விமானப்படையில் மருத்துவப் பிரிவுக் கோப்ரல். 1940 மே 31இல், இங்கிலாந்தின் டெட்லிங் தளத்துக்கு அருகே குண்டுகளோடு ஓர் அன்சன் விமானம் விழுந்து எரிந்தது. கழுத்தில் காயப்பட்ட விமானியின் வாரைக் கழற்றி அவரை இழுத்துக்கொண்டு போனார். சுமார் 30 யார் தூரத்தில் 120 இறாத்தல் குண்டு வெடித்தது. தன் இரும்புத் தொப்பியை விமானிக்குக் கொடுத்து, அவர்மேல் குப்புறப் படுத்து மறைத்தார். வைத்தியப் பிரிவினர் விமானியைக் கொண்டு போனதும், மிச்சமிருந்த வானொலி இயக்குநரைத் தேடி எரியும் விமானத்துக்கே திரும்பினார். அவர் இறந்து கிடந்தார். தேடப் போகும்போது அது பியர்சனுக்குத் தெரியாதே.

வால் பக்கத்துச் சுடுநர்தான் அதிகம் மாட்டிக்கொள்வாராமே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். வால் நுனியில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரு சுழல்கூடு. சுடுநர் அதற்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருப்பார். பரசூட்டுக்கு உள்ளே இடம் இல்லை. முதுகுக்குப் பின்னால், விமான உடலில் தொங்கும். கூடு நேராக நின்றால்தான் அதன் பின்கதவும் உடலின் வழியும் ஒன்றையொன்று பார்க்கும். கூட்டைச் சுழற்றும் எண்ணெய் அழுத்தம் இடப்பக்க வெளி எஞ்சினிலிருந்து வரும். அந்த எஞ்சின் நின்றால் கூடும் நிற்கும். அப்போது அது பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கதவுக்கு நேரே தகரம்தான் இருக்கும்.

1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் கம்ப்ரே ரயில் தளத்தைத் தாக்கப்போன கனடிய 419ஆம் அணியின் லங்காஸ்டரில் இதுவே நடந்தது. எதிரி விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. விமான உடலுக்குள்ளும் தீ. குதிக்கும்படி விமானி கட்டளையிட்டார். வால் சுடுநர் பட் புரோஃபி கையால் சுழற்றும் பிடியைத் திருப்பிப் பார்த்தார், அதுவும் உடைந்தது. நடுக்கூட்டுச் சுடுநர் அன்ட்ரூ மைனார்ஸ்கி வாசலுக்கு வந்துவிட்டார். ஓர் அடி வைத்தால் வெளியே. பின்னால் திரும்பிப் பார்த்தவர், எரியும் எண்ணெய்க்குள் தவழ்ந்து வாலுக்குப் போனார்.

கோடரியால் கதவை நெம்பினார், அசையவில்லை. பிறகு வெறுங்கையால் இழுத்தார். இதற்குள் இடுப்புக்குக் கீழே அவர் உடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று புரோஃபி கைகாட்டினார். நண்பரிடமிருந்து முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே தவழ்ந்து வாசலுக்கு வந்து, எழுந்து நின்று, விறைப்பாக ஒரு சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். பரசூட்டும் எரிந்தது. தரையில் கண்டெடுத்த பிரெஞ்சுக்காரர்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

கூட்டுக்குள் அகப்பட்ட புரோஃபி பிழைத்துக்கொண்டார். தரையில் மோதியபோது விமானம் பிய்ந்து, அவரை வெளியே வீசியது. அவர் பிழைத்திராவிட்டால் உள்ளே நடந்ததைச் சொல்ல ஆளே இல்லை. அவருடைய சாட்சியத்தின் பேரில்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை என்ற வீரவிருது கிடைத்தது.

வெளியிலிருந்து அந்தக் கூட்டை உடைக்க முடியாதா?
– அதே வாசகர்

முடிந்தது, ஒரு தடவை. 1944 ஜூன் 28இல், இங்கிலாந்தில் யோர்க்‌ஷயரின் தோல்தோர்ப் தளத்தில் தரையிறங்க வந்த ஹலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானம், குண்டேற்றி நிறுத்தியிருந்த மற்றொரு ஹலிஃபக்ஸில் மோதியது. தளங்களுக்குப் பொறுப்பான எயார் கொமடோர் ட்வைட் ரொஸ் மற்றவர்களோடு சேர்ந்து விமானியை வெளியே எடுத்தபோது, 80 யார் தள்ளி நின்ற விமானத்தில் பத்து 500 இறாத்தல் குண்டுகள் வெடித்தன. எல்லோரும் தூக்கி வீசப்பட்டார்கள். எழுந்தபோது வால் கூட்டிலிருந்து அலறல் கேட்டது.

கூட்டின் ஒளிபுகும் பிளாஸ்டிக்கை ரொஸ் கோடரியால் கொத்தினார். ஓட்டை போதவில்லை. கோடரியை அந்த ஓட்டை வழியாக உள்ளே இருந்தவரிடமே கொடுத்தார்! அவர் உள்ளிருந்து கொத்திப் பெரிதாக்கினார். பிறகு திரும்ப வாங்கி, சட்டத்தின் இரும்புகளை உடைத்து ஆளை வெளியே எடுத்தார்கள். இன்னொரு குண்டு வெடித்தது. ரொஸின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறக்குறைய துண்டானது. ஆம்புலன்ஸுக்கு நடந்தே போனார். கையை அகற்ற வேண்டி வந்தது.

தீயில் கிடக்கும் குண்டு எப்போது வெடிக்கும் என்று யாராலும் மணி பார்த்துச் சொல்ல முடியாது. உறை பிளந்தால் உள்ளே உள்ள மருந்து எரிந்தே முடிந்துவிடலாம், பிளக்காவிட்டால் வெடிக்கும். அங்கே குண்டுகள் ஒரே தடவையில் வெடித்து முடியாததும் அதனால்தான்.

தீப்புண்ணுக்குக் கடல்தண்ணீர் நல்லது என்று போர்க்காலத்தில் கண்டுபிடித்தார்களாம். உண்மையா?
– வாசகி, அக்கரைப்பற்று

பாதி உண்மை. அந்நாளில் தீப்புண்ணுக்கு டனிக் அமிலம் பூசுவார்கள். அது காய்ந்து ஓடுபோல் இறுகி, விரல்களையும் இமைகளையும் சுருக்கிவிடும். கடலில் விழுந்த விமானிகளின் புண்கள் தரையில் விழுந்தவர்களுடையதைவிட நன்றாக ஆறுவதை நியூசிலாந்துக்காரரான சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபல்ட் மக்கின்டோ கவனித்தார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வைத்தியசாலையில் உப்புநீர்த் தொட்டிக் குளியலைக் கொண்டுவந்தார். அது சுத்தப்படுத்திய, அளவாக உப்புச் சேர்த்த வெதுவெதுப்பான நீர். கரையில் அள்ளும் கடல்தண்ணீரில் மண்ணும் கிருமியும் இருக்கும், ஊற்றாதீர்கள். வீட்டில் அடுப்பு சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். பிறகு வைத்தியசாலை.

கடலில் விழுந்தவர்களுக்கு மேலிருந்து படகு போட்டார்களாமே, அது உதவியதா?
– மீனவர், பொத்துவில்

பல இடங்களில் உதவியது. கனடிய விமானி டேவிட் ஹோர்னலுக்கு உதவவில்லை. 1944 ஜூன் 24இல் அவருடைய கடல்விமானம் வடக்கு அத்திலாந்திக்கில் ஒரு நீர்மூழ்கியை மூழ்கடித்துவிட்டுத் தானும் எரிந்தபடி கடலில் இறங்கியது. எட்டுப் பேர். இரண்டு றப்பர் படகுகளில் ஒன்று வெடித்துப்போனது. மிச்சப் படகில் எல்லோருக்கும் இடமில்லை, முறைவைத்துத் தண்ணீரில் தொங்கினார்கள். மீட்பு விமானம் போட்ட படகு காற்றுப்போகும் பக்கத்தில் 500 யார் தள்ளி விழுந்தது. இதன் பொருள் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை: கச்சான் காற்றில் வெறும் தோணி, ஆள் ஏறிய தோணியைவிட வேகமாக ஓடும். துரத்தினாலும் எட்டாது. காற்று வரும் பக்கத்தில் போட்டிருந்தால் அது தானாக இவர்களிடம் வந்திருக்கும்.

நீந்திப் போய்ப் பிடிக்கிறேன் என்று ஹோர்னல் புறப்பட்டார். ஏற்கெனவே களைத்துச் சோர்ந்திருந்தவரைச் சகாக்கள் பிடித்து நிறுத்தினார்கள். மீட்புப் படகு 21 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் குளிரில் இருவர் இறந்திருந்தார்கள். ஹோர்னலுக்குக் கண்பார்வை போயிருந்தது. தூக்கியெடுத்த சிறிது நேரத்தில் அவரும் இறந்தார்.

மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை, பியர்சனுக்கும் ரொஸுக்கும் ஜோர்ஜ் சிலுவை. ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், கல்முனை

தரத்தில் வேறுபாடு இல்லை. எதிரியின் முன்னிலையில் செய்ததற்கு முதலாவது, எதிரி முன்னால் இல்லாத இடத்தில் செய்ததற்கு இரண்டாவது. ஜோர்ஜ் சிலுவை 1940 செப்டெம்பரில்தான் உருவானது. பியர்சனுக்கு முதலில் கிடைத்தது எம்பயர் கலன்ட்ரி பதக்கம், அதை 1941இல் மாற்றிக் கொடுத்தார்கள்.