கால் பங்கு கம்பி

அன்புள்ள ஐயா,

சோப்புப் படலங்கள், மிகச்சிறிய பரப்புகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவன். பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் அம்மாவுக்கு மூளை ரத்தக்குழாயில் இருந்த ஒரு புடைப்பு வெடித்து ரத்தக்கசிவு ஏற்பட்டது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, புடைப்புக்குள் 'காயில்' (coil) என்கிற கம்பிச்சுருளை வைத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் புடைப்பின் கொள்ளளவில் 25 சதவீதம்தான் கம்பி என்று டாக்டர் சொன்னது மனதை அரிக்கிறது. முக்கால் பங்கு காலி, செலவோ முழுச் செலவு. இது அரைகுறை வேலைதானே? வேறு டாக்டரிடம் போய் மிச்சத்தையும் நிரப்பச் சொல்லலாமா? தலைவலி வந்த இரவு தம்பி ஆஸ்பிரின் கொடுத்து, தைலம் தேய்த்துப் படுக்க வைத்தான். விரல் நுனியில் ஊசி குத்தினால் ஸ்ட்ரோக் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் செய்து பார்த்தோம். காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீங்கள் எழுதிய கணிதம் இந்தச் சிகிச்சையில் எங்காவது பயன்படுகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர,

'பிழைத்துவிட்டார்' என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சதவீதக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். அம்மா பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கணக்கு அப்புறம்.

அரைகுறை வேலை இல்லை. கால் பங்கு கம்பி என்பது அந்தச் சிகிச்சையில் வழக்கமான அளவு. பிளாட்டினம் கம்பி தலைமுடி போல மெல்லியது. புடைப்புக்குள் போனதும் சுருண்டு சுருண்டு நூல் பந்து மாதிரி ஆகிறது. அந்தச் சிக்கலுக்குள் ரத்தத்தின் வேகம் குறையும், இடுக்குகளில் ரத்தம் உறையும். நீங்கள் காலி என்கிற முக்கால் பங்கை உங்கள் அம்மாவின் ரத்தமே உறைந்து நிரப்புகிறது. அப்புறம் மெல்ல மெல்லப் புடைப்பின் வாய்மேல் திசு வளர்ந்து மூடும். மிச்சத்தையும் கம்பியால் அடைக்கப் போனால் ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த சுவர் மறுபடி கிழியலாம். ஒரு சுற்று வெளியே நழுவி நல்ல குழாயை அடைத்தால் அதுவே இன்னொரு பக்கவாதம். அதற்காக மிகக் குறைவாக வைத்தாலும் ஆகாது. ரத்தத்தின் அழுத்தத்தில் பந்து நசுங்கி, புடைப்பு மீண்டும் திறந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார். அவரையா சந்தேகப்படுகிறீர்கள்?

கழற்றிவிடக்கூடிய இந்தக் காயிலைக் கொண்டுவந்தவர் இத்தாலிய நரம்பியல் அறுவை மருத்துவர் குயிடோ குக்லியல்மி, 1991-ல். மண்டையைத் திறந்து புடைப்பின் வாயை இறுக்கிக் கிளிப் போடுவது நல்லதா, காயிலா என்று 2,143 நோயாளிகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம், காயில் வைத்தவர்களில் 23.7 சதவீதம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் இரண்டு சிகிச்சைக்கும் ஏற்றவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். செலவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஊசி குத்துவது சுத்தப் பொய், அதைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை.

கணிதம் பயன்பட்டதா என்றால், அந்த 25 சதவீதம் எந்தத் தேற்றத்திலிருந்தும் வந்ததில்லை. நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கைவந்த அளவு அது. ஆனால் 'அரைகுறை' என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியிருக்கும் விதத்தை என்னால் விட முடியவில்லை. கணக்கு வாத்தியார் இதைச் சொல்லலாமா?

ஒரு வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 7 செ.மீ., சுற்றளவு 22. அதை ஏதாவது ஒரு பரப்பால் மூட வேண்டும். தட்டையாக ஒரு அட்டையை ஒட்டினால் 38.5 சதுர செ.மீ. போதும். சோப்பு நீரில் முக்கி எடுத்தாலும் அதே தட்டைப் படலம்தான் வரும். இப்போது ஒரு நிபந்தனை. வளையலில் எதிரெதிரே இரண்டு எறும்புகள். விளிம்போடு நடந்தால் அவற்றுக்கு நடுவே 11 செ.மீ. நீங்கள் மூடிய பரப்பு எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே குறுக்குவழி தரக் கூடாது. அட்டை இங்கே தோற்றுவிடும், நடுவில் நேராக 7 செ.மீ. நடந்தால் போயிற்று. அரைக்கோளமாக ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். உச்சியில் ஏறி இறங்கினாலும் 11, விளிம்போடு போனாலும் 11. ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சப்படுத்த முடியாது. பரப்பு 77, அட்டையைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

இந்த நிபந்தனைக்கு உட்பட்டு அந்த 77-ஐவிடக் குறைவாக மூட முடியுமா? முடியாது என்பது கணிதவியலாளர் மிகயில் கிரோமோவ் 1983-ல் முன்வைத்த ஊகம். கிழிசலும் கைப்பிடியும் இல்லாத எளிய பரப்புகளுக்கு அது உண்மை. அதற்கான வேர் பாவ் மிங் பூ 1952-ல் நிறுவிய சமனின்மையில் இருக்கிறது. தேநீர்க் கோப்பை போல ஒரு கைப்பிடி உள்ள பரப்புகளுக்கு 2005-ல் நான்கு பேர் சேர்ந்து நிறுவினார்கள். பொதுவான நிலையில் இன்னும் யாரும் நிறுவவில்லை. ஒரு வளையலை மூடுகிற கணக்கு, நாற்பது வருஷமாக நிற்கிறது!

நிபந்தனையைச் சொல்லாமல் எது குறைவு, எது போதும் என்று பேசவே முடியாது. 38.5 சின்ன எண்தான், ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை அது விட்டுவிட்டது. உங்கள் அம்மா விஷயத்தில் நிபந்தனை, அந்த இடம் மறுபடி வெடிக்கக் கூடாது, பக்கத்துக் குழாயில் ரத்தம் ஓட வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் 25 போதுமான எண்.

கிரோமோவின் கட்டுரை வந்த அதே 1983-ல் என் பெரியம்மா இறந்தார். ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "பின்மண்டையில யாரோ கட்டையால போட்ட மாதிரி இருக்குடா" என்றார். வாந்தி எடுத்தார். கழுத்தைக் குனிய முடியவில்லை. எங்களிடம் பணம் இருந்தது, வண்டி இருந்தது. சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டோம். பித்தம் என்று யாரோ சொன்னார்கள், அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அன்று இரவு கொஞ்சம் தெளிந்து காபி கேட்டார். மறுநாள் இரவு ஒரு முனகல், அவ்வளவுதான். ஸ்கேன் எடுக்காததால் அது என்ன நோய் என்று சொல்ல வழியில்லை. காயில் அப்போது கிடையாது, கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருப்பாரோ என்னவோ. ஆனால் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்த அந்தப் பற்றை ஈரத்துணியால் துடைத்து எடுத்தது நான்தான். இன்றும் சுக்குக் காபி வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஆஸ்பிரின் வரியில் எனக்குக் கை நடுங்கியது. நொடியில் உச்சத்துக்குப் போகிற தலைவலி, இதுவரை வந்ததே இல்லை என்று சொல்ல வைக்கிற தலைவலி வந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. முதல் 24 மணி நேரத்தில்தான் மறுபடி வெடிக்கிற ஆபத்து அதிகம், நீங்கள் அதில் ஒரு முழு இரவைக் கொடுத்திருக்கிறீர்கள். பக்கவாதத்தில் பெரும்பாலானவை அடைப்பு, சில கசிவு. அடைப்புக்கு உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி போடுகிறார்கள், அதையும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கசிவில் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடலாம். ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைத் தடுப்பது. எது அடைப்பு, எது கசிவு என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன்தான் சொல்லும். நீங்கள் படித்தவர், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர். விரலில் ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே!

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது உங்களுக்கு மட்டும் சொன்னதில்லை, 1983-ல் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு டாக்டரைத் தேட வேண்டாம். காயில் வைத்தவரிடமே போய், பந்து நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க மறு ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சோதனை) எப்போது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்று சொன்னால் ஏழாவது மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையை அம்மா ஒழுங்காகப் போடுகிறாரா என்று நீங்களே பாருங்கள். தம்பியைத் திட்ட வேண்டாம், அவரும் பயத்தில்தான் செய்திருப்பார். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். அவர் எழுந்து நடந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.