மரத்த காலுக்கு மணல் ஆகாது

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 52. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து நாலு மாதம் ஆகிறது. பாதம் இன்னும் மரத்தே கிடக்கிறது. ‘உடம்பை அலட்டாதே’ என்று சொந்தக்காரர்கள் சொன்னதிலிருந்து திண்ணையை விட்டு இறங்குவதில்லை. கடற்கரையில் நடக்கச் சொல்லவா? கடலுக்குப் போகும் என் கொழுந்தனாருக்கும் (43) இது வருமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: கட்டாயம் நடக்கட்டும். மணலில் மட்டும் வேண்டாம்.

2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில் இருந்த 889 பேரும், இவரைப் போலவே அறுவையும் கீமோவும் முடித்தவர்கள். மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி செய்யவைத்த பிரிவில் எட்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 90 சதவீதம். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 83.

இப்போதைய நடமாட்டத்துக்கு மேல் வாரம் இரண்டரை மணி நேர வேகநடைதான் இலக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். முதல் வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்தைந்து நிமிடம் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்து, முழங்கால் வீங்கிப் படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து பாத நரம்புகளைப் பாதிக்கும். மரத்த காலுக்கு மணல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். உடைமுள்ளோ கிளிஞ்சலோ குத்தினாலும் அப்படித்தான். சரிந்த கரையில் கால் வேறு பிசகும். ராமேஸ்வரம் நெடுஞ்சாலையும் வேண்டாம், வேன்காரர்கள் பறப்பார்கள். பள்ளி மைதானம் உத்தமம், காலை ஏழு மணிக்குள். செருப்பு கழன்றாலும் தெரியாது. காலுறையோடு ஷூ போடட்டும், போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். இரவில் உள்ளங்காலை வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் நடை வேண்டாம். ஐஸ் பெட்டி, நங்கூரம் தூக்குவதெல்லாம் அறுவை செய்த டாக்டர் சரி என்ற பிறகுதான். தழும்பு வழியே குடல் பிதுங்கலாம். நெஞ்சுவலி வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கொழுந்தனார் வலை இழுக்கிற உழைப்பு இந்தப் புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும், ஒழிக்காது. அண்ணனுக்கு 60க்குள் வந்ததால் தம்பிக்கு 40 வயதிலேயே கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்திருக்க வேண்டும். இனியும் தள்ள வேண்டாம். புற்றாக மாறக்கூடிய சதைமொட்டு இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். மலத்தில் ரத்தம் கண்டு ‘மூலம்தான்’ என்று அவராகவே மருந்துக்கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.