அப்பா எல்லா பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கிழித்துப் போடச் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர், ஊரில் அப்பா தனியாகக் கணக்குவழக்கு பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி வரவு, கூலி, சேதாரம் எல்லாவற்றையும் கைப்பட எழுதியே பழகியவர் அப்பா. ஆன்லைன் கணக்குகள் வந்ததும் அதற்கும் ஒரு நீள நோட்டு போட்டார். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. எந்தத் தளம், யூசர் பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன, ஓடிபி யாருடைய போனுக்கு வரும் என்பதுவரை இருக்கும். வெள்ளிக் கட்டி வைக்கும் இரும்புப் பெட்டியில்தான் நோட்டும் இருக்கும். சொந்தக்காரப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும்.

அப்பாவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தது. பேச்சு வரவில்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஆர்டர், டிசைன் படம் எல்லாம் அவருடைய மெயிலில். நோட்டைப் பார்த்துத்தான் மெயிலைத் திறந்தேன். போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகளையும் எழுதி வைத்திருந்தார், அதனால் அவருடைய போன் பூட்டிக் கிடந்தும் உள்ளே போக முடிந்தது. ஆட்களுக்கு வேலை நிற்கவில்லை.

உடனே சிலர் 'எழுதி வைப்பது ஆபத்து' என்று கிளம்புவார்கள். யாரிடமிருந்து ஆபத்து? ஆன்லைன் திருடன் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து இரும்புப் பெட்டியை உடைக்கப்போவதில்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் கசிந்தன. அவற்றை அவர்கள் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே சேமித்திருந்தார்கள். இப்படி ஓரிடத்தில் கசிந்ததை எடுத்து உங்கள் மெயிலிலும் மற்ற கணக்குகளிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருட்டு முறை. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்தான் அதில் மாட்டுவார். மனப்பாடம் செய்யச் சொன்னால் எல்லோரும் ஒன்றையேதான் வைப்பார்கள். கணினிப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005லேயே நல்ல பாஸ்வேர்டாக வைத்து, அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

ஆபீஸ் மேசையில், மானிட்டரில் ஒட்டி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. நாலு பேர் வந்துபோகும் இடம் அது. வங்கி பின் நம்பரும் எங்கள் நோட்டில் கிடையாது, வங்கிக் கணக்கு அம்மா பெயரையும் சேர்த்த ஜாயிண்ட் கணக்கு. நோட்டில் இருப்பதும் முழு பாஸ்வேர்ட் இல்லை. கடைசியில் சேர்க்க வேண்டிய ஒரு சிறு சொல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரியும். நோட்டு தொலைந்தாலும் அப்படியே யாருக்கும் பயன்படாது. பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்கள் போதும். பிள்ளை பெயர், வண்டி நம்பர், குலதெய்வம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் பழைய பழக்கம். கசிவுக்கு அறிகுறி இல்லாமல் மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017இலேயே சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண் 1 என்பது 2 ஆகும், அவ்வளவுதான். நான் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன், இளைஞர்களுக்கு அது நல்லது. அறுபதைத் தாண்டிய அப்பாவிடம் அதைத் திணிக்காதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஜிஎஸ்டி பக்கத்தில் அப்பா 'ஓடிபி ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கு' என்று எழுதியிருந்தார். பதிவு செய்யும்போது அந்த அலுவலகம் எங்கள் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் ஊழியரின் எண்ணைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பையனோ வேலையை விட்டுப் போயிருந்தான். அப்பா ஐசியூவில், நான் அவனைத் தேடி அம்மாபேட்டையில் தெருத்தெருவாக அலைந்தேன். ஓடிபி சொன்னான், நல்ல பையன். ஆனால் எங்கள் தொழிலின் சாவி முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப்பையில் ஏன் இருக்க வேண்டும்? சேலத்தில் சிறு பட்டறைக்காரர்கள் பலருக்கு இந்த நிலைமைதான். கேட்டால், 'உங்களுக்கு ஏன் சிரமம்னுதான்' என்பார்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஜிஎஸ்டி இருந்தால், பதிவில் இருக்கும் மொபைலும் மெயிலும் யாருடையவை என்று இந்த வாரமே பாருங்கள். உங்களுடையதாக இல்லையென்றால் தளத்தில் லாகின் செய்து பதிவுத் திருத்தத்தில் மாற்றலாம். லாகினே கையில் இல்லையென்றால், உங்கள் எல்லைக்குட்பட்ட வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு நேரில் போக வேண்டும்.