பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு 68 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவருக்கு மஸ்கட்டில் வேலை. இருவருக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 18 லட்சம். எங்கள் தெருவிலேயே 9 சென்டில் ஒரு மாடி வீடு, ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது, இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. 68 லட்சம் சொல்கிறார்கள். அது வீட்டுக்காரப் பெரியவரின் சொந்தச் சம்பாத்தியம். மனைவி முன்பே தவறிவிட்டார், அவரும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூத்த மகன் அமெரிக்காவில், இளையவர் உள்ளூரில், மகள் சென்னையில். கிறிஸ்தவக் குடும்பம். "பெண்ணுக்கு அப்பவே சீதனம் கொடுத்தாச்சு, அவங்க கையெழுத்து வேண்டாம்" என்கிறார் புரோக்கர். இந்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரே வாரத்தில் என்ன அவசரம் வந்துவிட்டது என்பதை மட்டும் முதலில் கேளுங்கள்.

புரோக்கர் சொல்லும் சீதனக் கதை நம் குமரி மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கதை. திருவிதாங்கூர் காலத்தில் 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்தால் கணக்கு முடிந்தது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் இந்த வீட்டில் சென்னைக்காரருக்கும் சரியாக மூன்றில் ஒரு பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நீங்கள் வாங்குவது வீடு அல்ல, வழக்கு. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும், பிறந்த மகளைக் காட்டாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். மூலப்பத்திரம், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தியது என்றால் மலையாளத்தில் இருக்கலாம், படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

அமெரிக்காக்காரர் நேரில் வராமல், தனக்காக இன்னொருவர் கையெழுத்திடப் பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். கிரயத்தன்று அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றும் வேண்டும். பவர் கொடுத்தவர் போய்விட்டால் பவரும் போச்சு.

அவர் பங்கில் இன்னொரு சிக்கல், இது நேராக உங்கள் பையைத் தொடுவது. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் நீங்கள்தான் டிடிஎஸ், அதாவது அவருடைய வருமானவரியை முன்கூட்டியே பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சத்துக்குக் கீழ் இருக்கும்போது பிடிக்க வேண்டாம்; அந்த வரம்பு இவருக்குக் கிடையாது. செஸ்ஸோடு சேர்த்து 13 சதவீதம். வருமானவரி அதிகாரியிடமிருந்து குறைத்துப் பிடிக்கும் சான்று அவர் வாங்கி வராவிட்டால், முழுப் பங்குக்கும் பிடிப்பதுதான் பாதுகாப்பு. 68 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுமார் 3 லட்சம். பிடிக்காமல் விட்டால் துறை உங்களிடம் வந்து கேட்கும்.

சரி, பணக்கணக்குக்கு வருவோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் மதிப்பில் 80 சதவீதம்தான் தரும். 68 லட்சத்துக்கு 54.4 லட்சம். மீதி 13.6 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 6.12 லட்சம். கூட்டினால் 19.72 லட்சம். சாவி கைக்கு வருமுன்பே 18 லட்சம் காலி, மேலும் 1.72 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 47,200, வருமானத்தில் பாதி. கணவரின் கான்ட்ராக்ட் ஒரு தடவை புதுப்பிக்கப்படாமல் போனால் என்ன செய்வீர்கள்?

அதனால் உங்கள் எல்லை 50 லட்சம் என்கிறேன். கடன் 40 லட்சம், தவணை சுமார் 34,700. கையிலிருந்து 10 லட்சம், பதிவுக்கு 4.5 லட்சம் (அரசின் வழிகாட்டி மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு). மிச்சம் 3.5 லட்சம்.

அந்த மிச்சம் வீட்டுக்கே தேவைப்படும். நமக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, பூட்டிய வீடு இரண்டிலும் நனைகிறது. கருங்கல் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். ஹாலில் பழைய காலண்டர் ஒன்று ஆணியிலேயே தொங்கியது. சும்மா தூக்கிப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறையான் மண்கோடு, நிலைக்கட்டை வரைக்கும் ஏறியிருந்தது. நிலையைச் சாவியால் தட்டினேன், பொள்ளையாகச் சத்தம் வந்தது. நீங்களும் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள ஸீலிங்கையும், அலமாரிக்குள் அடிக்கும் வாடையையும் கவனியுங்கள். கிணற்றை இறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

50-க்குத் தருவார்களா? இங்கே காலி வீடு நிறைய இருக்கிறதே, விலை இறங்க வேண்டுமே என்று நினைப்பீர்கள். இறங்காது. வெளிநாட்டில் சம்பாதிப்பவருக்கு வீட்டு வரியும் தோட்டம் வெட்டுகிற கூலியும் ஒரு செலவே இல்லை, கேட்ட விலை வரும்வரை பூட்டியே வைத்திருப்பார். ஆனால் மூன்று பேர் பங்கு பிரிக்கிற இடம் வேறு. யாராவது ஒருவருக்குப் பணம் தேவைப்படும், பெரும்பாலும் உள்ளூரில் இருப்பவருக்கு. இந்த அவசர அட்வான்ஸும் அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் புரோக்கரை விட்டுவிட்டு அந்தத் தம்பியிடமே பேசுங்கள். அக்காவோ தங்கையோ, சென்னையில் இருப்பவரின் நம்பரை வாங்கி நீங்களே ஒரு போன் போடுங்கள். மூவரும் கையெழுத்திடும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்த அன்று, மூவர் வங்கிக் கணக்குக்கும் பிரித்து மொத்தம் 1 லட்சம் அட்வான்ஸ். அதுவரை ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஒத்துவராவிட்டால், இதே தெருவில் ஒத்திக்கு ஏதாவது வீடு கிடைக்கிறதா என்று பாருங்கள். 68 லட்சத்துக்கு இதை வாங்க இன்னொருவர் வருவதற்குள் இன்னும் இரண்டு மழை போய்விடும்.