வாசகர் கேள்வி – பதில்: பத்தாயிரம் பேர் வேண்டுமா, பலகாரம் வாங்குவோர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. வீட்டிலேயே மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து விற்கிறேன். மகள் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. 430 பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களிலும் பாதிப் பேர் உறவுக்காரர்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் 10,000 பேரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொடுக்க வேண்டாம், ஆச்சி. அப்படிச் சேர்க்கப்படுபவை பெரும்பாலும் ஆளில்லாத போலிக் கணக்குகள். அவற்றில் ஒன்றுகூட உங்களிடம் கால் கிலோ சீடை வாங்கப் போவதில்லை. பணம் வீணாவதோடு பக்கத்துக்கும் கெடுதல் உண்டு. நீங்கள் இடும் காணொலியைப் பார்ப்பவர்கள் எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறார்கள், விருப்பக்குறி இடுகிறார்களா, வேறொருவருக்கு அனுப்புகிறார்களா என்பதைக் கவனித்துத்தான் இன்ஸ்டாகிராம் அதை மேலும் பலரிடம் கொண்டுசெல்கிறது. இம்மூன்றும் மிக முக்கியமானவை என்று அந்நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி 2025-ஆம் ஆண்டு வெளிப்படையாகவே சொன்னார். போலிக் கணக்குகள் நின்று பார்ப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. போலிப் பின்தொடர்வோரை இன்ஸ்டாகிராமின் விதிகளும் அனுமதிப்பதில்லை. கண்டறியும்போது அந்நிறுவனமே நீக்கிவிடுகிறது. அந்த நபர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தால், இன்றே அதை மாற்றிவிட்டு, கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

பாதிப் பேர் உறவுக்காரர்கள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் மூலதனமாகத் தெரிகிறது. செட்டிநாட்டு உறவு பள்ளத்தூரோடு முடிவதில்லை. சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உங்கள் காணொலியை ஒருவர் அந்தக் குழுவில் போட்டு, "அப்பத்தா செய்கிற மாதிரியே இருக்கிறது" என்று எழுதினால், முன்பின் அறியாத ஆயிரம் பேர் பார்ப்பதைவிட அதற்குப் பயன் அதிகம். ஆகவே எதை எடுப்பது என்று யோசிக்கும்போது, பார்ப்பவர் இதை யாருக்கு அனுப்புவார் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தில் அடுக்கி வைத்த பலகாரத்தின் படத்தை யாரும் யாருக்கும் அனுப்பமாட்டார்கள். கை வேலையை அனுப்புவார்கள். சீப்பின் மேல் மாவை அழுத்தி உருட்டி எடுக்கும் அந்த விரல் நுணுக்கம், தேன்குழல் அச்சிலிருந்து எண்ணெயில் மாவு சுழன்று விழும் கணம், வறுத்த பாசிப்பருப்பு மாவில் சூடான நெய்யை ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடிப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாக, அரை நிமிடத்துக்கு மேற்படாமல், கைபேசியை நெட்டுக்கு வைத்து எடுங்கள். பெயர்ப் பலகையிலோ வணக்கத்திலோ தொடங்காமல், நெய் ஊற்றும் இடத்திலேயே தொடங்குங்கள். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) காலை வெயில் இறங்கும் நேரத்தில் எடுத்தால் விளக்கே தேவைப்படாது. பின்னணியில் திரைப்பாட்டு வேண்டாம்; வணிகக் கணக்குகளுக்குப் பல பாடல்கள் அனுமதிக்கப்படுவதில்லை என்பது ஒரு காரணம், எண்ணெய் பொரியும் ஓசையும் உங்கள் ஊர்ப் பேச்சும் அந்தப் பாட்டைவிட நெஞ்சைத் தொடும் என்பது மற்றொரு காரணம். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களும் பலர் என்பதால், பேசுவதை எழுத்தாகவும் திரையில் இடச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு இரண்டு பதிவுகள் போதும். ஆனால் நாள்காட்டியைப் பார்த்து இடுங்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பை நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) எந்த நாட்டில் இருந்தாலும் மறப்பதில்லை. அந்நாளுக்கு முந்தைய வாரம் பதிவிட்டால் வெளிநாட்டுக்குப் பொருள் போய்ச் சேராது. ஒரு மாதம் முன்னரே எள்ளுருண்டையைக் காட்டி, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். தீபாவளிக்கும் கலியாணச் சீருக்கும் இதே கணக்குத்தான்.

கேட்டு வருபவர்களை வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பலகாரப் பட்டியலை விலையோடு அதில் வைக்கலாம். ஒரே செய்தியை 256 பேருக்கு வரை தனித்தனியாக அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு பொட்டலத்திலும், "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் கட்டாயம் என்பதால், அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்திலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் போடுங்கள். தெரியாதவர் முதல் முறை வாங்கும்போது அதைத்தான் தேடுவார். மிச்சமாகும் 3,000 ரூபாயை விளம்பரத்துக்குச் செலவிட விரும்பினால், ஏற்கெனவே பலரும் பிறருக்கு அனுப்பிய காணொலி ஒன்றுக்கு மட்டும் சிறு தொகையாகச் செலவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் பூக்கல் (பூ வடிவத் தரைக்கல்) வார்க்கும் காணொலியை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. எங்கே தவறு?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதையும், பின்னர் அச்சை எடுத்ததும் பூ விரிவதையும் யாரும் அலுக்காமல் பார்ப்பார்கள். ஆனால் பார்த்தவர்களில் இந்த ஆண்டு வீடு கட்டுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பலகாரம் மாதந்தோறும் வாங்குவது. தரைக்கல் வாழ்நாளில் ஒரு முறை வாங்குவது. இன்று ரசித்தவர் மூன்று ஆண்டுகள் கழித்து அஸ்திவாரம் போடும்போது உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதே உங்களுக்கான கேள்வி.

சில நாட்களில் கண்ணில் படாமல் போய்விடும் ரீல்ஸ் அதற்குப் போதாது. யூடியூபில் நீண்ட காணொலிகள் இடுங்கள். மக்கள் அங்கே தேடிக்கொண்டு வருகிறார்கள், பழைய காணொலியும் கிடைக்கும். சதுர அடி விலை, கல்லின் அளவும் கனமும், வெளியூருக்கு லாரியில் அனுப்பும்போது உடைந்தால் யார் பொறுப்பு, பதிக்கத் தெரிந்த கொத்தனாரை நீங்களே அனுப்புவீர்களா, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல் எப்படி உறுதிப்படுகிறது, நாள்பட எப்படிப் பளபளப்பேறும் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தொலைபேசியில் உங்களிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு காணொலிக்கான தலைப்பு. கூகுள் வரைபடத்தில் பட்டறையைப் பதிவது இலவசம். காரைக்குடிக்குச் சுற்றுலா வருபவர்கள் அதை வைத்துத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். அந்த இரண்டு லட்சம் பேர் பார்த்த காணொலியின் கீழும் இவை எங்கே கிடைக்கும் என்பதைக் கருத்தாக இட்டு, அது எப்போதும் முதலில் தெரியும்படி பொருத்தி (pin) வையுங்கள்.

கேள்வி: நான் எடுத்த கண்டாங்கிச் சேலைப் படங்களைத் திருடி, விசைத்தறிச் சேலையை அதே பெயரில் பாதி விலைக்கு ஒரு பக்கம் விற்கிறது. என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. நீங்கள் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. பதிப்புரிமை மீறல் என்று இன்ஸ்டாகிராமிலேயே புகார் அளிக்கலாம். முதல் முறை படத்தைப் பதிவிட்ட நாளும் இணைப்பும் கைவசம் இருக்கட்டும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் போலி விற்பது சட்டப்படியும் தவறு என்பதால், குறியீட்டைப் பெற்ற நெசவாளர் அமைப்பிடமும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி எடுக்கும் படங்களில் சேலையை மட்டும் விரிக்காதீர்கள். தறியில் இருக்கும்போதே நெய்பவரின் கையோடும், பாதி நெய்த கட்டத்தோடும் எடுங்கள். வாடிக்கையாளர் பெயரைச் சேலையின் அருகே தாளில் எழுதி வைத்து ஒரு சிறு காணொலி அனுப்புங்கள். அந்தப் போலிப் பக்கத்தை நடத்துபவரிடம் உங்கள் தறி இல்லை. அவரால் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.